இரவில் தானாக ஓடும் ஃபைல் டிரான்ஸ்ஃபரும் ஸ்கிரிப்டுக்குள் கிடக்கும் பாஸ்வேர்டும்: முழுமையான வழிகாட்டி

இரவு 11.30 மணிக்கு ஒரு லினக்ஸ் சர்வரில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ஒரு ஸ்கிரிப்டை எழுப்புகிறது. அது அன்றைய பில் விவரங்களை ஒரு சிஎஸ்வி ஃபைலாகத் திரட்டி, வெளியே இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிட்டு அடங்கிவிடுகிறது. ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் நான்காவது வரியில் பாஸ்வேர்டு பளிச்சென்று கிடக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. பாஸ்வேர்டு மட்டும் மாறவே இல்லை.

இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளைப் பிரித்து மாட்டித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால், முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், பாஸ்வேர்டை என்கிரிப்ட் பண்ணி வச்சிட்டா போதாதா?"

போதாது. ஸ்கிரிப்ட் ஓடும்போது பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அதுவே தன் கையால் பூட்டைத் திறந்தாக வேண்டும். ஆகவே திறக்கும் சாவியும் அதே கணினியில்தான் இருக்கும். பீரோவைப் பூட்டிச் சாவியைப் பீரோ மேலேயே வைத்த கதை. பேஸ்64-ல் (யாரும் திருப்பி மாற்றிவிடக்கூடிய எழுத்து வடிவம்) மாற்றி வைப்பது பூட்டுகூட இல்லை, வெறும் திரைச்சீலை.

ஆள் இல்லாமல் ஓடும் வேலைக்கு ஏதோ ஒரு ரகசியம் அந்தக் கணினியில் இருந்தே தீரும். அதை எப்படி ஒளிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அது திருடு போனாலும் திருடியவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சுருக்குவதுதான் வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

கட்டளைகளின் முழு வடிவம் உங்கள் கணினியின் மேன் பக்கங்களிலேயே (கட்டளைகளின் கையேடு) இருக்கிறது. இங்கே எதை, ஏன், எதற்குப் பிறகு என்பதில்தான் கவனம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் எதிர்முனை சர்வர் என்ன பேசுகிறது என்று உறுதி செய்யுங்கள். எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பத்திரமாக நுழையும் வழி) மேல் ஓடுவது, வழக்கமாக 22-ம் போர்ட். எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற என்கிரிப்ஷன் உறை போட்டது, 21 அல்லது 990. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மெயிலில் மாற்றி எழுதிவிடுவார்கள். "எஸ்எஃப்டிபி, போர்ட் 990" என்று மெயில் வந்தால், அது பெரும்பாலும் எஃப்டிபிஎஸ்தான். போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் எஸ்எஸ்எச் சாவி தயாரித்து அரை நாள் முட்டி மோதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெறும் எஃப்டிபி என்றால் நிறுத்துங்கள். 1985-ல் வந்த எஃப்டிபியின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 959-ன்படி அது பாஸ்வேர்டை அப்படியே எழுத்தாக வயரில் அனுப்புகிறது. டிஸ்கில் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், தினமும் இரவு அதைத் தெருவில் கூவிக்கொண்டு போகிறது. முதலில் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் வேண்டியவை: உங்கள் பக்கத்து சர்வரில் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) அனுமதி, எதிர்முனையில் பொறுப்பான ஒருவரின் போன் எண், பழைய முறையும் புதிய முறையும் கொஞ்ச நாள் சேர்ந்தே இருக்கலாம் என்ற ஒப்புதல். இந்த ஒப்புதல் இல்லாமல் ஒரே இரவில் மாற்றப் போனால், மறுநாள் காலை ஃபைல் வரவில்லை என்ற போனுக்குத்தான் எழுந்திருப்பீர்கள்.

2. பாஸ்வேர்டு எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஸ்கிரிப்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. மற்றவை தெரியாதவை.

ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்பகத்தில் பழைய நகல்கள் இருக்கும்: கடைசியில் 'ஓல்டு', 'பேக்', 'ஃபைனல்', 'ஃபைனல்2' என்று வால் முளைத்தவை. கோடின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும் கிட் வரலாற்றில் இருக்கும். ஒருவர் கையால் சோதித்துப் பார்த்தபோது தட்டிய கட்டளை பேஷ் ஹிஸ்டரியில் (தட்டிய கட்டளைகளின் பதிவு) இருக்கும். ஸ்கிரிப்டின் தலையில் யாராவது 'செட் -எக்ஸ்' போட்டிருந்தால், ஓடும் ஒவ்வொரு வரியும் லாகில் பதிந்திருக்கும், பாஸ்வேர்டோடு சேர்த்து. கிரான் அனுப்பும் மெயில்களிலும் அப்படியே. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் முகவரிக்குள்ளேயே இருக்கும்படி எழுதப்பட்ட யுஆர்எல் என்றால், அது போகிற வழியெல்லாம் தடம் விட்டிருக்கும்.

ஊழியர்களின் லேப்டாப்பை மறக்காதீர்கள். ஃபைல் அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஸில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காமல் சேமித்தால், சைட்மேனேஜர் எக்ஸ்எம்எல் ஃபைலில் பேஸ்64 வடிவில்தான் இருக்கும். வின்எஸ்சிபியும் மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாவிட்டால் கலைத்து வைக்குமே தவிரப் பூட்டி வைக்காது. கூடவே பேக்கப். கணினியில் நீங்கள் அழித்தது போன மாத பேக்கப்பில் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் ஓடும் நேரம். பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால், அந்தச் சர்வரில் லாகின் உள்ள யார் வேண்டுமானாலும் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை போட்டுப் பார்க்கலாம். கர்ல் (ஃபைல் அனுப்பும் கட்டளை), எஸ்எஸ்எச்பாஸ் (எஸ்எஸ்எச்சுக்குப் பாஸ்வேர்டை ஊட்டும் கட்டளை) போன்றவை தொடங்கியதும் அதை மறைத்துவிட முயல்கின்றன. ஆனால் மறைப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி உண்டு. என்விரான்மென்ட் வேரியபிளில் (ப்ராசஸ் தன்னோடு சுமக்கும் மதிப்பு) வைப்பது இதைவிட மேல். அதை அதே பயனரும் ரூட்டும்தான் பார்க்க முடியும். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் கிளப்பிவிடும் ஒவ்வொரு ப்ராசஸும் அதைச் சுமந்துகொண்டு போகும்.

தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. பாஸ்வேர்டை, ஃபைல்களுக்குள் தேடும் கிரெப் கட்டளையிலேயே தட்டித் தேடினால், தேடிய இடமே அது புதிதாகப் பதியும் இடமாகிவிடும், ஹிஸ்டரியில். அதனால் 'கேட்' கட்டளையின் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பி, பாஸ்வேர்டை ஒட்டி, என்டர் தட்டி, கண்ட்ரோல்-டி அழுத்துங்கள். ஃபைலின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத). பிறகு கிரெப்புக்கு நான்கு விருப்பங்கள்: 'ஆர்' உள்கோப்பகங்களில் இறங்க, சின்ன 'எல்' ஃபைல் பெயரை மட்டும் காட்ட, பெரிய 'எஃப்' குறிகளை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ள, சின்ன 'எஃப்' தேடவேண்டியதை ஃபைலிலிருந்து படிக்க. சின்ன 'எல்' இல்லாவிட்டால் பாஸ்வேர்டு உள்ள வரிகளெல்லாம் திரையில் ஓடும், பின்னால் யார் நின்றாலும் படிக்கலாம்.

அந்த ஃபைலில் தெரியாமல் ஒரு வெற்று வரி விழுந்துவிட்டால், கிரெப் உலகத்தில் உள்ள எல்லா ஃபைலையும் 'இருக்கிறது' என்று சொல்லும். ஒரு பையன் பதறிப்போய் ஓடிவந்தான், "சார், ரெண்டாயிரம் ஃபைல்ல இருக்கு சார்!" வெற்று வரியை எடுத்தோம். ஏழு ஃபைல்.

சுருக்கி வைத்த லாக்களுக்கு இஸட்கிரெப். கிட்டுக்கு, எல்லாக் கிளைகளின் மாற்றங்களையும் லாகாக வெளியே விட்டு அதை கிரெப்புக்குள் செலுத்துங்கள். கிடைத்த இடங்களை ஒரு பட்டியலாக எழுதி வையுங்கள். இப்போது எதையும் அழிக்க வேண்டாம். ஏன் என்பது 9-ம் படியில்.

3. இந்த வேலைக்கென்று தனிப் பயனர்

பல இடங்களில் இந்த ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடுகிறது, அல்லது எழுதியவரின் சொந்தக் கணக்கில் ஓடுகிறது. இரண்டும் வேண்டாம். ஒரு சிஸ்டம் பயனரை உருவாக்கி, லாகின் ஷெல் (கட்டளை தட்டும் இடம்) இல்லாமல் வையுங்கள். கிரான் தன் ஷெல்லைத் தானே தேர்ந்துகொள்வதால் வேலை ஓடும். வீட்டுக் கோப்பகத்தின் அனுமதி 700 (அந்தப் பயனர் மட்டும் நுழைய).

காரணம் எளிது. அடுத்த படியில் உருவாகும் சாவியை இந்த ஒரு பயனரும் ரூட்டும் மட்டும் படிக்க முடிய வேண்டும். அதே கணக்கில் வெப்சைட்டும் ஓடினால், வெப்சைட்டில் விழும் ஓட்டை நேராகச் சாவி வரை போகும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நிறுவனத்தில் 'பாஸ்வேர்டு 90 நாளில் காலாவதி' என்ற கொள்கை எல்லாக் கணக்குக்கும் தானாகப் படியும் என்றால், இந்தப் பயனருக்கும் அது படிந்திருக்கலாம். 91-ம் நாள் கிரான் அந்தக் கணக்கை ஏற்காது, வேலை சத்தமில்லாமல் நின்றுவிடும். காலாவதித் தேதிகளைக் காட்டும் சேஜ் கட்டளையில் பார்த்து, இந்தக் கணக்குக்குக் காலாவதியை எடுத்துவிடுங்கள்.

4. சாவி ஜோடி உருவாக்குங்கள், எந்தக் கணினியில் ஓடுமோ அங்கேயே

எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளை, வகை இடி25519. எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5-ல், 2014-ல் வந்தது, இன்று எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பலாம். எதிர்முனை அதைவிடப் பழையது என்றால் ஆர்எஸ்ஏ, குறைந்தது 3072 பிட். வேலை எந்தப் பயனரில் ஓடுமோ அந்தப் பயனராகவே உருவாக்குங்கள். உங்கள் லேப்டாப்பில் உருவாக்கி அங்கே நகல் எடுத்தால், லேப்டாப்பில் ஒரு பிரதி தங்கிவிடும்.

பாஸ்ஃபிரேஸ் (சாவியையே பூட்டும் பாஸ்வேர்டு) கேட்கும். என்ன செய்வது? ஆள் இல்லாத வேலை என்பதால், பாஸ்ஃபிரேஸ் வைத்தால் அதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும். மறுபடியும் பீரோ கதைதான். நான் காலியாகவே விடுகிறேன். இதில் சிலருக்கு உடன்பாடு இருக்காது, தெரியும். ஆனால் காலியாக விட்ட குறையை 5-ம் படி ஈடுகட்ட வேண்டும். அதைச் செய்யாமல் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வரம்பில்லாத வெறும் சாவி பாஸ்வேர்டைவிட ரொம்பப் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

ஒரு வேலைக்கு ஒரு சாவி. ஃபைல் பெயரிலும் கமென்ட்டிலும் வேலையின் பெயரையும் வருடம், மாதத்தையும் எழுதுங்கள். ஐந்து வேலைக்கு ஒரே சாவி போட்டால், ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ஐந்தையும் நிறுத்த வேண்டிவரும்.

இப்போது கையில் இரண்டு ஃபைல்: ரகசியமாக வைக்க வேண்டிய பிரைவேட் கீ, வெளியே கொடுக்கும் பப்ளிக் கீ. 'பப்' என்று முடிவது மட்டும்தான் எதிர்முனைக்குப் போக வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்த ஒருவர் இரண்டையும் ஜிப் பண்ணி, நான்கு பேரை சிசியில் போட்டு மெயில் அனுப்பிவிட்டார். திட்டிப் பயனில்லை. அந்த ஜோடியை அழித்துப் புதிது உருவாக்கினோம், இரண்டு நிமிடம். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற முயல்வது, 'தயவுசெய்து அழித்துவிடுங்கள்' என்று எழுதுவது எல்லாம் நேர விரயம்.

விண்டோஸில் புட்டிஜென் பயன்படுத்துகிறவர்களுக்கு: பப்ளிக் கீயைச் சேமிக்கும் பட்டன் பல வரிகளாக ஒரு வடிவத்தில் சேமிக்கும், ஓப்பன்எஸ்எஸ்எச் அதை ஏற்காது. மேலே உள்ள பெட்டியில் ஒரே வரியாகத் தெரிவதை முழுக்க நகலெடுத்து அனுப்புங்கள்.

5. எதிர்முனையில் சாவியின் கையைக் கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

எதிர்முனையில், எந்தச் சாவிகள் செல்லும் என்று குறிக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் உங்கள் பப்ளிக் கீ ஒரு வரியாகப் போய் உட்காரும். அந்த வரியின் தொடக்கத்தில் நிபந்தனைகள் எழுதலாம். 'ஃப்ரம்' என்று எழுதி உங்கள் ஐபி முகவரியைக் கொடுத்தால், வேறு இடத்திலிருந்து அந்தச் சாவி செல்லாது. 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரே சொல், போர்ட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2-லிருந்து இது உண்டு.

அடுத்து எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க மென்பொருள்) கான்ஃபிக் ஃபைலில், இந்தச் சாவிக்கான புதிய பயனருக்கென்று ஒரு மேட்ச் பகுதி (பழைய பாஸ்வேர்டு கணக்கு 9-ம் படி வரை அப்படியே இருக்கட்டும்). அதில் கட்டாயக் கட்டளையாக 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி', கூடவே குரூட் கோப்பகம். இதனால் உள்ளே வருகிறவனுக்கு ஷெல் கிடையாது, அந்த ஒரு கோப்பகத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. பாஸ்வேர்டு லாகினையும் அதே பகுதியில் நிறுத்துங்கள். கீபோர்டு-இன்டராக்டிவ் லாகினையும் சேர்த்து நிறுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால், முன்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக அதே பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

குரூட் இங்கே எல்லோரையும் ஒருமுறையாவது கவிழ்க்கும். அந்தக் கோப்பகமும், அதற்கு மேலே வேர் வரை உள்ள ஒவ்வொரு கோப்பகமும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வேறு யாருக்கும் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் உள்ளே வந்த அடுத்த கணமே இணைப்பு அறுந்துவிடும். அனுப்புகிறவர் பக்கம் காரணம் எதுவும் தெரியாது. சர்வர் லாகில் மட்டும் கோப்பகத்தின் உரிமை சரியில்லை என்று ஒரு வரி இருக்கும். ஃபைலை எங்கே போடுவது என்றால், குரூட்டுக்கு உள்ளே 'இன்கமிங்' என்று ஒரு கோப்பகம் உருவாக்கி, அதைப் பயனருக்குச் சொந்தமாக்குங்கள்.

ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது அந்தப் பயனரின் வீட்டுக் கோப்பகத்திலேயே இருந்து, அதே கோப்பகத்தில் அவரால் எழுதவும் முடிந்தால், சாவியைத் திருடியவன் முதலில் ஒரு புதிய ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை அப்லோடு செய்வான், நிபந்தனைகள் இல்லாமல். நீங்கள் கஷ்டப்பட்டுக் கட்டிய கயிற்றை அவனே அவிழ்த்துக்கொள்கிறான். அதனால் அந்த ஃபைலை ஈடிசி கோப்பகத்தின் கீழே ரூட்டுக்குச் சொந்தமான இடத்துக்கு மாற்றி, கான்ஃபிக்கில் பாதையைக் குறிப்பிடுங்கள். எஸ்எஸ்எச்டி அதை அந்தப் பயனரின் உரிமையோடுதான் படிக்கும் என்பதால் அனுமதி 644 (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்). 600 போட்டால் லாகின் நடக்காது.

இறங்கிய ஃபைலை எதிர்முனையில் ஒரு வேலை உடனே வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டால், பெட்டியில் எப்போதும் ஒரு நாள் சரக்குதான் இருக்கும். மூன்று வருட பில்கள் அங்கேயே குவிந்திருந்தால், திருடு போன சாவியின் மதிப்பு அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து.

கான்ஃபிக்கை மாற்றியதும் எஸ்எஸ்எச்டியின் 'டி' விருப்பத்தில் சோதித்துவிட்டுத்தான் ரீலோடு. ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாமல் வையுங்கள். மூடிவிட்டுப் பிழையைக் கண்டுபிடித்தால், டேட்டா சென்டருக்குப் பைக் எடுக்க வேண்டியதுதான்.

எதிர்முனை உங்களுடையது இல்லை என்றால், நீங்கள் கேட்க வேண்டியவை: எங்கள் ஐபியிலிருந்து மட்டும், எஸ்எஃப்டிபி மட்டும், இந்தக் கோப்பகம் மட்டும், பாஸ்வேர்டு லாகின் நிறுத்தம். எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் செய்துதருவார்கள், கேட்காததால்தான் செய்வதில்லை.

6. எதிர்முனை சர்வர் அதுதானா என்று உறுதி செய்யுங்கள்

முதல்முறை இணைக்கும்போது 'இந்த ஹோஸ்ட் கீ தெரியாது, தொடரலாமா' என்று கேட்கும். ஹோஸ்ட் கீ என்பது அந்தச் சர்வரின் அடையாளச் சாவி. ஸ்கிரிப்டில் இது தொல்லை என்று 'ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்' என்பதை 'நோ' என்று போட்டுவிடுகிறார்கள். நகலெடுத்து ஒட்டப்படும் ஸ்கிரிப்டுகளில் இந்த ஒரு வரி பரம்பரைச் சொத்து மாதிரி வந்துகொண்டே இருக்கிறது.

அப்படிப் போட்டால், நடுவில் ஒருவன் 'நான்தான் அந்தச் சர்வர்' என்று சொன்னாலும் ஸ்கிரிப்ட் நம்பும். பாஸ்வேர்டு முறையில் பாஸ்வேர்டே அவன் கைக்குப் போய்விடக்கூடும். சாவி முறையில் பிரைவேட் கீ போகாது, ஆனால் உங்கள் ஃபைல் போய்விடும்.

எஸ்எஸ்எச்-கீஸ்கேன் மூலம் ஹோஸ்ட் கீயை எடுத்து, அதன் ஷா256 ஃபிங்கர்பிரின்ட்டை (சாவியின் சுருக்க அடையாளம்) எதிர்முனை ஆளிடம் போனில் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். போன் எண் பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், சர்வர் முகவரி வந்த அதே மெயிலிலிருந்து வேண்டாம். சரியாக இருந்தால் நம்பும் சர்வர்களின் பட்டியலான நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேர்த்து, செக்கிங்கை 'யெஸ்' என்று வையுங்கள். ஒரு நாள் இரவு ஹோஸ்ட் கீ மாறி வேலை நின்றால், அது பிழையில்லை, அப்படித்தான் நிற்க வேண்டும்.

7. அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதுங்கள்

எஸ்எஃப்டிபியின் 'பி' விருப்பத்தில் ஒரு பேட்ச் ஃபைல் கொடுக்கலாம். அதில் ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நின்று, தோல்வி என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறும். வரியின் தொடக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்த வரியின் தோல்வியைக் கண்டுகொள்ளாது. அதை அப்லோடு வரியில் போட்டு, ஃபைல் போகாமலே 'வெற்றி' என்று பல நாள் மெயில் வாங்கிக்கொண்டிருந்த இடம் ஒன்று உண்டு.

முதலில் தற்காலிகப் பெயரில் ஏற்றுங்கள், முழுதாகப் போன பிறகு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். எதிர்முனையில் ஃபைலை எடுக்கும் வேலை பாதி ஃபைலை விழுங்காமல் இருக்க இதுதான் எளிய வழி.

எந்தச் சாவி என்று பாதையோடு குறிப்பிட்டு, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்பதை 'யெஸ்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் கையில் உள்ள மற்றச் சாவிகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீட்டும். சர்வர் இயல்பாக 6 முயற்சிக்கு மேல் பொறுக்காது, சரியான சாவிக்கு முறை வருவதற்குள் வெளியே தள்ளிவிடும்.

8. சோதனை: நடக்க வேண்டியதும் நடக்கக் கூடாததும்

"நான் ஓட்டினா ஓடுது சார், கிரான்ல ஓடல." இதைக் கேட்காத மாதம் இல்லை. நீங்கள் ஓட்டும்போது உங்கள் எஸ்எஸ்எச் ஏஜென்ட் (திறந்த சாவிகளை நினைவில் வைத்திருப்பது) இருக்கிறது, உங்கள் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்கள்) இருக்கிறது, உங்கள் நோன் ஹோஸ்ட்ஸ் இருக்கிறது. கிரானுக்கு எதுவும் கிடையாது. அதனால் அந்தப் பயனராக மாறி, 'என்வ் -ஐ' மூலம் காலியான சூழலில் ஓட்டிப் பாருங்கள். கிரானில் எப்படி ஓடுமோ ஏறத்தாழ அப்படி ஓடும்.

சாவி ஏற்கப்படாமல் போனால், முதலில் எதிர்முனையின் அனுமதிகளைப் பாருங்கள். வீட்டுக் கோப்பகத்தில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தாலே எஸ்எஸ்எச்டி அங்குள்ள ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலைக் கண்டுகொள்ளாது.

ஓடிவிட்டது என்றதும் எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள். தோற்க வேண்டியவை தோற்கின்றனவா என்று பாருங்கள். அதே சாவியோடு எஸ்எஸ்எச் ஷெல் கேளுங்கள், கிடைக்கக் கூடாது. சோதனைக்கென்று ஒரு ஜோடியை உருவாக்கி, அதே நிபந்தனைகளோடு வேறு ஐபியிலிருந்து முயன்று பாருங்கள், நடக்கக் கூடாது. மேல் கோப்பகத்துக்குப் போகப் பாருங்கள். பாஸ்வேர்டு லாகின் முயலுங்கள். நான் பார்த்தவரை புதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை.

9. மாற்றம்: முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகுதான் துடைப்பது

புதிய முறை சில இரவுகள் தடங்கல் இல்லாமல் ஓடட்டும். மாதக் கடைசியில் வேறு மாதிரி ஃபைல் போகும் என்றால் அது வரை பொறுங்கள்.

பிறகு எதிர்முனையில் பழைய பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்கிரிப்டிலிருந்து வரியை அழித்துவிட்டு 'முடிந்தது' என்று டிக்கெட்டை மூடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. பாஸ்வேர்டு இன்னும் செல்லும் என்றால், நீங்கள் அழித்தது ஒரு நகலை மட்டும்தான். கிட் வரலாறு, பேக்கப், பழைய ஊழியரின் லேப்டாப் எல்லாவற்றிலும் அது உயிரோடு இருக்கிறது. "பிரைவேட் ரெப்போதானே சார்" என்பார்கள். 2016-ல் ஊபரில் புகுந்தவர்கள் கிட்ஹப்பில் இருந்த ஒரு பிரைவேட் ரெப்போவிலிருந்துதான் கிளவுட் சாவியை எடுத்தார்கள். 5.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளிலிருந்து எதிர்முனையின் லாகில், அந்தப் பயனர் பெயரில் தோற்ற முயற்சிகளைப் பாருங்கள். நமக்கே தெரியாத வேலைகள் அப்போதுதான் தலைகாட்டும். ஒருமுறை இருபது நாள் அமைதி, அப்புறம் 30-ம் தேதி காலை ஆறு மணிக்கு வரிசையாகத் தோல்விகள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு மேசைக்கு அடியில் இருந்த பழைய கணினியிலிருந்து, மாதம் ஒருமுறை யாரோ அமைத்த வேலை. யாருடைய பட்டியலிலும் அது இல்லை.

2-ம் படியில் எதையும் அழிக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். எங்கெல்லாம் இருந்தது என்ற பட்டியல்தான் இப்போது யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. செத்த பாஸ்வேர்டைப் பிறகு நிதானமாகத் துடைக்கலாம். கிட் வரலாற்றைத் திருத்தி எழுதுவது எல்லோருடைய பிரதியையும் குழப்பும். பாஸ்வேர்டு செல்லாது என்றான பிறகு, நான் பெரும்பாலும் அதில் இறங்குவதே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு முதலில் மாற்றுங்கள். இன்று இரவு ஃபைல் போகாவிட்டால் பரவாயில்லை.

10. பாஸ்வேர்டு இல்லாமல் முடியாது என்றால்

சில இடங்களில் எஃப்டிபிஎஸ் மட்டும்தான், பாஸ்வேர்டு மட்டும்தான். அப்போதும் ஐபி கட்டுப்பாடும் தனிக் கணக்கும் கேளுங்கள். அதே பாஸ்வேர்டு வேறெங்கும் இருக்கக் கூடாது.

லினக்ஸில், ஸ்கிரிப்டுக்கு வெளியே 600 அனுமதியுள்ள தனி ஃபைலில் வைப்பது அடிப்படை. கர்ல் என்றால் லாகின் விவரம் வைக்கும் நெட்ஆர்சி ஃபைல், எஸ்எஸ்எச்பாஸ் என்றால் சின்ன 'எஃப்' விருப்பம், எந்த நிலையிலும் 'பி' வேண்டாம். கிரானுக்குப் பதில், லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் டைமர் பயன்படுத்தினால் இன்னும் நல்லது: 247-ம் பதிப்பிலிருந்து 'லோடு கிரெடென்ஷியல்' என்ற வசதி, பாஸ்வேர்டு ஃபைலை அந்தச் சர்வீஸ் ஓடும் நேரத்தில் மட்டும், அதற்கு மட்டும் காட்டும். 250-லிருந்து அதைப் பூட்டியும் வைக்கலாம். கணினியில் சாவிகளைக் காக்கும் டிபிஎம்2 சில்லு இருந்தால் அதோடு பிணைக்கலாம். அப்போது டிஸ்கை மட்டுமோ பேக்கப்பை மட்டுமோ தூக்கிப் போனவனுக்கு அது பயன்படாது. ஓடும் கணினியில் ரூட் ஆனவனை இது தடுக்காது.

விண்டோஸில் பவர்ஷெல்லின் எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல் மூலம் கிரெடென்ஷியலைச் சேமித்தால், அதே பயனர், அதே கணினி என்றால்தான் திறக்கும். இங்கேதான் தடுக்குவார்கள்: தன் சொந்த லாகினில் சேமித்துவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் சர்வீஸ் கணக்கில் ஓடவிடுவார்கள். திறக்காது. அந்தச் சர்வீஸ் கணக்காகவே பவர்ஷெல்லைத் திறந்து சேமிக்க வேண்டும். லினக்ஸில் ஓடும் பவர்ஷெல்லில் இதே கட்டளை என்கிரிப்ட் செய்வதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

வால்ட் (ரகசியங்களைச் சேமித்துத் தரும் மென்பொருள்) வாங்கலாமே என்றால், வாங்கலாம். வேலைகள் முப்பது நாற்பது என்று பெருகும்போது அது அவசியமும்கூட. ஆனால் வால்ட்டிடம் ஸ்கிரிப்ட் தன்னை யார் என்று நிரூபிக்க இன்னொரு ரகசியம் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியை விற்பவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

11. சாவியை மாற்றும் நாள்

வருடத்துக்கு ஒருமுறை, அல்லது அந்தச் சர்வரில் ரூட் வைத்திருந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்று, சாவியை மாற்றுங்கள். புதிய ஜோடியை உருவாக்கி, எதிர்முனையில் பழைய வரிக்குக் கீழே புதிய வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், அதே நிபந்தனைகளோடு. புதிய வரியில் 'ஃப்ரம்' விட்டுப்போவது சகஜம், 8-ம் படியின் தோல்விச் சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள். ஸ்கிரிப்டில் சாவியின் பாதையை மாற்றுங்கள்.

பழைய வரியை உடனே அழிக்க வேண்டாம். சாவியோடு நடக்கும் ஒவ்வொரு லாகினுக்கும் எஸ்எஸ்எச்டி அந்தச் சாவியின் ஷா256 ஃபிங்கர்பிரின்ட்டை லாகில் எழுதுகிறது. பழைய ஃபிங்கர்பிரின்ட் ஒரு மாதக் கடைசியையும் தாண்டி லாகில் தலைகாட்டவில்லை என்றால் வரியை அழிக்கலாம். தலைகாட்டினால், எந்த ஐபியிலிருந்து என்று பாருங்கள். உங்கள் சர்வரே என்றால் ஏதோ ஒரு கிரான் வரியை மாற்ற மறந்திருக்கிறீர்கள்.